வண்டும் குளிரும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அரிசியில் வண்டு வந்துவிட்டது என்று சொன்னால் "ஃப்ரீசரில் வை" என்று யாராவது ஒருவர் சொல்லிவிடுவார். அதற்குப் பிறகுதான் சந்தேகங்கள் ஆரம்பிக்கும். சென்னை, ஊட்டி, டொராண்டோ என்று எங்கிருந்து வந்தாலும் கேள்விகள் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கின்றன. பாதிப் பேர் "எத்தனை டிகிரி?" என்று மட்டும் கேட்கிறார்கள். அந்த டிகிரிக்கு வண்டு எப்படி வந்து சேர்ந்தது, ஒரே அடியாகவா, மெல்ல மெல்லவா என்பதையும் கேட்க வேண்டும். கேட்டவர்கள் சொன்ன மாதிரியே கேள்விகளைத் தந்திருக்கிறேன்.

வண்டு குளிர்ல எப்படிச் சாகுது? உறைஞ்சு போய்த்தானே?

பெரும்பாலும் இல்லை. தண்ணீர் 0 டிகிரியில் உறையும் என்று படித்திருக்கிறோம். ஆனால் பனிக்கட்டி உருவாக ஒரு தொடக்கப் புள்ளி வேண்டும். வண்டின் உடலுக்குள் இருக்கிற சிறிய அளவு திரவத்தில் அப்படி ஒரு புள்ளி கிடைக்காவிட்டால், 0 டிகிரியைத் தாண்டியும் அது திரவமாகவே இருக்கும். தானியங்களில் வாழும் பல வண்டுகளின் உடல் −15 டிகிரி அளவிலும் உறையாமல் இருக்கக்கூடும்.

உறையாவிட்டாலும் அவை செத்துப்போகின்றன. குளிரில் செல்களின் சவ்வு இறுகுகிறது. உப்புகளை உள்ளே, வெளியே என்று சரியான அளவில் வைத்திருக்கும் பம்புகள் மந்தமாகின்றன. செல்லுக்குள் இருக்க வேண்டிய பொட்டாசியம் வெளியே கசிந்து சேர்கிறது. நரம்பும் தசையும் வேலை செய்ய முடியாமல் போகின்றன. இது உடனே கொல்வதில்லை, நாள்கணக்கில் சேர்ந்துகொண்டே போகிற சேதம். அதனால் குளிரின் அளவோடு, குளிரில் இருந்த காலத்தையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

அசையாம கிடக்குது. செத்துடுச்சுன்னு எடுத்துக்கலாமா?

எடுத்துக்கொள்ள வேண்டாம். மேலே சொன்ன நரம்பு, தசைக் கோளாறு முதலில் மயக்கத்தைத்தான் தரும். கால்களை மடக்கிக்கொண்டு கல் மாதிரி கிடக்கும் வண்டு, அறை வெப்பநிலைக்கு வந்ததும் எழுந்து நடக்கலாம். ஆய்வகங்களிலும் குளிரிலிருந்து எடுத்த உடனே எண்ண மாட்டார்கள். சூடான இடத்தில் வைத்து, தேறிவர நேரம் கொடுத்த பிறகுதான் எது உயிரோடு இருக்கிறது, எது செத்தது என்று கணக்கெடுப்பார்கள். வீட்டில் பார்ப்பதென்றாலும் ஒரு நாளாவது காத்திருந்து பாருங்கள்.

"குளிருக்குப் பழகுது"ன்னு சொல்றாங்களே, அவ்வளவு வித்தியாசம் வருமா?

வரும், நம்ப முடியாத அளவுக்கு வரும். 1998-ல் கனடாவைச் சேர்ந்த பால் ஃபீல்ட்ஸும் பிரெஞ்சு ஆய்வாளர்களும் வெளியிட்ட ஆய்வு ஒன்று இருக்கிறது. அவர்கள் எடுத்துக்கொண்டவை இரண்டு வண்டுகள். ஒன்று களஞ்சியக் கூன்வண்டு. நம் வீட்டு அரிசிக் கூன்வண்டின் நெருங்கிய உறவு, ஆனால் பறக்காது. இன்னொன்று துரு நிறத் தானிய வண்டு. 2 மில்லிமீட்டர்தான் இருக்கும், தட்டையானது, கனடாவின் கோதுமைக் களஞ்சியங்களுக்குப் பெரிய தலைவலி. இரண்டையும் 15 டிகிரியில் இரண்டு வாரம், 10 டிகிரியில் இரண்டு வாரம், 5 டிகிரியில் இரண்டு வாரம் என்று படிப்படியாகக் குளிருக்குக் கொண்டுவந்தார்கள்.

பழகாத களஞ்சியக் கூன்வண்டுகளை 0 டிகிரியில் வைத்தால் 3.3 நாளில் பாதி செத்துவிட்டன. பழகியவற்றில் பாதி சாக 40 நாள் ஆனது. துரு நிற வண்டுக்குச் சோதனை −10 டிகிரியில். பழகாதவை பாதி சாக 1.4 நாள், பழகியவை பாதி சாக 24 நாள். அதே இனம்தான், வைத்த குளிரும் அதேதான். முந்தைய ஆறு வாரம் எங்கே கழிந்தது என்பது மட்டும்தான் வேறு. இதைப் பார்த்த பிறகு, "இந்த வண்டு இத்தனை டிகிரியில் சாகும்" என்று ஒற்றை எண் போடும் அட்டவணைகள் மேல் எனக்கு நம்பிக்கை குறைந்துவிட்டது. பழகிய வண்டா, பழகாததா என்று சொல்லாத எண் பாதி எண்தான்.

பழகும்போது உடம்புக்குள்ள என்னதான் மாறுது?

அந்த ஆய்விலேயே அளந்திருக்கிறார்கள். பழகிய வண்டுகளில் ட்ரெஹலோஸ் என்ற சர்க்கரை கூடியிருந்தது. பூச்சிகளின் இரத்தத்தில் ஓடும் முக்கியமான சர்க்கரை அது. புரோலின் முதலான சில அமினோ அமிலங்களும் கூடியிருந்தன. இவை புரதங்களும் செல் சவ்வுகளும் குளிரில் உருக்குலையாமல் காக்க உதவும் பொருட்கள். இதோடு, பொதுவாகப் பூச்சிகள் குளிருக்குப் பழகும்போது சவ்வில் இருக்கும் கொழுப்பின் வகையையும் மாற்றிக்கொள்கின்றன. நெய் இறுகும் குளிரில் நல்லெண்ணெய் இளகியே இருக்கிறதல்லவா, அதுபோல இளகிய வகைக் கொழுப்பின் பங்கு கூடினால் சவ்வு சீக்கிரம் இறுகாது.

இதையெல்லாம் செய்து முடிக்க உடல் ஓரளவு இயங்கிக்கொண்டிருக்க வேண்டும். அதனால்தான் 15, 10 டிகிரி போன்ற மிதமான குளிர் பழகுவதற்குத் தோதாக இருக்கிறது. நேராக −18-ல் தள்ளினால் தயாரிப்பு வேலைக்கு நேரமும் இல்லை, தெம்பும் இல்லை.

சரி, ஃப்ரீசர்ல எத்தனை நாள் வைக்கணும்? அதைச் சொல்லுங்க முதல்ல.

வீட்டு ஃப்ரீசர் −18 டிகிரி அளவில் ஓடுகிறது என்றால், சிறு பொட்டலங்களாக ஒரு வாரம். நான்கு நாள் போதும் என்றும் பல இடங்களில் சொல்வார்கள். பொட்டலம் சிறியதாகவும் ஃப்ரீசர் நன்றாக வேலை செய்வதாகவும் இருந்தால் அது சரிதான். நான் ஒரு வாரம் என்று சொல்வதற்குக் காரணம், அரிசியும் மாவும் வெப்பத்தை மெதுவாகத்தான் விடும். 10 கிலோ மூட்டையை அப்படியே வைத்தால் வெளிப்பக்கம் சீக்கிரம் குளிரும், நடுவில் இருக்கும் வண்டுக்குக் குளிர் போய்ச் சேர நாளாகும். ஒன்றிரண்டு கிலோவாகப் பிரித்து, தட்டையாகப் பரப்பி வையுங்கள்.

அரிசிக் கூன்வண்டின் பெண், அரிசி மணியைத் துளைத்து உள்ளே முட்டையிட்டு வாயை அடைத்துவிடும். புழு மணிக்குள்ளேயே வளரும். அதனால் சலித்து எடுத்தால் போய்விடாது. குளிர் மணிக்குள்ளும் போக வேண்டும். வெளியே எடுக்கும்போது பொட்டலத்தைப் பிரிக்காமல் அறை வெப்பநிலைக்கு வரும்வரை விட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் காற்றிலுள்ள ஈரம் அரிசிமேல் படிந்து பூஞ்சை பிடிக்கும்.

முதல்ல ஒரு வாரம் பிரிட்ஜ்ல வச்சு அப்புறம் ஃப்ரீசருக்கு மாத்தினா? திடீர்னு குளிர்ல வச்சா அரிசி கெட்டுடாதா?

காய்ந்த அரிசிக்கு ஒன்றும் ஆகாது. கெடுகிற அளவுக்கு அதில் தண்ணீர் இல்லை. பிரிட்ஜில் வைத்துப் பிறகு மாற்றுவது வண்டுக்குத்தான் சாதகம். 15, 10, 5 என்று ஆய்வாளர்கள் வேண்டுமென்றே செய்த பயிற்சியை நாமும் கொஞ்சம் கொடுத்தது போலாகும்.

இதையே அருங்காட்சியகக்காரர்கள் கறாராகக் கடைப்பிடிக்கிறார்கள். பழைய புத்தகம், கம்பளி, பதப்படுத்திய விலங்குத் தோல் இவற்றில் வண்டு விழுந்தால் மருந்தடிக்க முடியாத நேரங்களில் உறைகுளிரில் வைப்பது அங்கே வழக்கமான முறை. பொருளைக் குளிரறைக்கு மாற்றும்வரை சாதாரண அறை வெப்பத்திலேயே வை, பிறகு எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம் குளிர வை என்பதுதான் அவர்கள் விதி.

டொராண்டோல இருக்கோம். அரிசி மூட்டையை கராஜ்ல வச்சிருந்தோம். டிசம்பர், ஜனவரி பூரா நல்ல குளிர். ஏப்ரல்ல பாத்தா வண்டு ஊருது. எப்படி?

இந்தக் கேள்விதான் எனக்கு அதிகம் வருகிறது. கராஜ் ஒரே நாளில் குளிர்வதில்லை. செப்டம்பரில் 15, அக்டோபரில் 10, நவம்பரில் 5 என்று இறங்குகிறது. அந்த ஆய்வகப் பயிற்சியும் இதே வரிசையில்தான் போனது. வீட்டோடு ஒட்டிய கராஜாக இருந்தால் சுவர் வழியே வெப்பம் கசிந்து, வெளியே −15 இருக்கும்போதுகூட உள்ளே 0-வை ஒட்டி நிற்கலாம். மூட்டையின் நடுப்பகுதி அதைவிடவும் தாமதமாகக் குளிரும். பகலில் கார் வந்து நிற்கும், கதவு திறக்கும், வெப்பம் ஏறி இறங்கும். இதெல்லாம் வண்டுக்கு வசதிதான்.

இன்னொன்றும் உண்டு. ஊரிலிருந்து வந்த அரிசியில் இருந்த அதே வண்டுதானா அது என்று பாருங்கள். மூக்கு நீண்டிருந்தால் கூன்வண்டு. தட்டையாக, செம்பழுப்பாக, வேகமாக ஓடினால் வேறு இனம். உள்ளூர்த் தானியத்திலிருந்து வந்ததாகவும் இருக்கலாம். எதுவானாலும் கராஜை ஃப்ரீசராக நினைக்காதீர்கள்.

அப்போ கனடா விவசாயிகள் என்ன பண்றாங்க? அவங்க கோதுமை பூரா வெளியில தானே இருக்கு?

அங்கே விதி கடுமை. தானியத்தில் உயிருள்ள களஞ்சியப் பூச்சி ஒன்றுகூட இருக்கக்கூடாது. மானிடோபா, சஸ்காச்சுவான் மாதிரி இடங்களில் வெளியே −30 அடித்தாலும், பெரிய இரும்புக் களஞ்சியத்தின் நடுவில் இருக்கும் கோதுமை அறுவடைக்கால வெப்பத்தை மாதக்கணக்கில் பிடித்து வைத்திருக்கும். அதனால் அடியிலிருந்து விசிறி வைத்துக் குளிர்ந்த காற்றைத் தள்ளுவார்கள். அல்லது தானியத்தை ஒரு களஞ்சியத்திலிருந்து எடுத்து இன்னொன்றில் கொட்டுவார்கள், கொட்டும்போதே குளிர்ந்துவிடும்.

துரு நிற வண்டை ஒழிக்கக் கனடா தானிய ஆணையம் சொல்லும் கணக்கு இது: தானியத்தின் வெப்பநிலை −5 என்றால் 12 வாரம், −10 என்றால் 8 வாரம், −15 என்றால் 4 வாரம், −20 என்றால் 1 வாரம். இது தானியத்தின் வெப்பநிலை. காற்றின் வெப்பநிலை இல்லை. 8 வாரம் எங்கே, பழகாத வண்டுகளில் பாதி சாக எடுத்துக்கொண்ட 1.4 நாள் எங்கே என்று பாருங்கள். அந்த 1.4 நாளை நம்பிக் களஞ்சியத்தைத் திறந்தால் விவசாயி ஏமாந்துபோவார். இலையுதிர்காலத்தைக் களஞ்சியத்துக்குள் கழித்த வண்டைப் பழகிய வண்டு என்றுதான் வைத்துக்கொள்ள வேண்டும். அதோடு, பாதி செத்தால் அவருக்குப் போதாது; கடைசி வண்டும் சாக வேண்டும்.

ஊட்டியில இருக்கோம். இங்க குளிருக்கு வண்டு வராதுன்னு கடைக்காரர் சொன்னார். உண்மையா?

பாதி உண்மை. தானிய வண்டுகள் பெரும்பாலானவற்றுக்கு 15 முதல் 18 டிகிரிக்குக் கீழே இனப்பெருக்கம் தேங்கிவிடும். அதனால் சமவெளியைப் போல மளமளவென்று பெருகாது. ஆனால் பெருகாமல் இருப்பது வேறு, சாவது வேறு. ராத்திரி குளிர்ந்து பகலில் வெயில் ஏறும் ஊர்களில் வண்டுக்கு இன்னொரு வசதி கிடைக்கிறது.

கோழிப் பண்ணைகளில் குப்பைக்கடியில் வாழும் ஒரு கறுப்பு வண்டை வைத்து பிரான்சிலும் செக் குடியரசிலும் ஆய்வு செய்தார்கள். வெப்பமண்டலத்து இனம் அது, குளிர் ஆகாது. தொடர்ந்து குளிரிலேயே வைத்தவை சீக்கிரம் செத்தன. அதே குளிரில் வைத்து, நாளுக்கு இரண்டு மணி நேரம் மட்டும் 20 டிகிரிக்குக் கொண்டுபோனவை வெகுநாள் பிழைத்தன. முதல் பதிலில் சொன்ன பொட்டாசியம் கசிவை அந்த இரண்டு மணி நேரத்தில் சரிசெய்துகொண்டன. ஊட்டி அடுக்களையில் அடுப்பு எரிகிற நேரமே வண்டுக்கு அப்படி ஓர் இடைவேளையாக அமையலாம்.

ஃப்ரீசர்ல வச்ச பொட்டலமும் மெதுவாத்தானே குளிரும்? அந்த நேரத்துல பழகிடாதா?

நல்ல கேள்வி. வாரக்கணக்கில் நடக்கும் பழக்கத்தைத் தவிர, குறுகிய நேரத்தில் நடக்கும் இன்னொரு பழக்கமும் உண்டு. 1987-ல் அமெரிக்க ஆய்வாளர்கள் ரிச்சர்ட் லீ, செங்-பிங் சென், டேவிட் டென்லிங்கர் மூவரும் இதைக் காட்டினார்கள். ஓர் ஈயை நேராக −10-ல் இரண்டு மணி நேரம் வைத்தால் சாகும். அதற்கு முன் 0 டிகிரியில் கொஞ்ச நேரம் வைத்திருந்தால் பிழைக்கும். அவர்கள் பார்த்த பூச்சிகளில் எல்ம் மரத்து இலை வண்டும் ஒன்று. பின்னால் வேறு ஆய்வாளர்கள் அரிசிக் கூன்வண்டு, சிவப்பு மாவு வண்டு உள்ளிட்ட ஐந்து தானிய வண்டுகளிலும் இதே தன்மை இருப்பதைக் கண்டார்கள்.

ஆனால் இந்த அவசரப் பாதுகாப்பு திடீர் அதிர்ச்சியைத் தாங்க உதவுவது. ஒரு வாரம் −18-ல் கிடக்க அது போதாது. பொட்டலத்தைச் சிறிதாக்கச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

எல்லா வண்டும் இப்படிப் பழகுமா?

பழகும் அளவு இனத்துக்கு இனம் மாறும். சிவப்பு மாவு வண்டு குளிரில் ரொம்பவே பலவீனமானது. கனடாவில் சூடில்லாத களஞ்சியத்தில் குளிர்காலத்தைத் தாண்டுவது அதற்குக் கஷ்டம். துரு நிற வண்டு அந்தப் பக்கத்து வீராதிவீரன். வியப்பு என்றால் கப்ரா வண்டு. இந்தியா போன்ற வெப்பமான, வறண்ட நிலப்பகுதிகளின் பூச்சி அது. குளிர் தாங்காது என்றுதான் நினைப்போம். ஆனால் அதன் புழு சாப்பாடில்லாமல் வளர்ச்சியை நிறுத்திக்கொண்டு கிடக்கும் நிலை ஒன்று உண்டு. அந்த நிலையில் இருந்து, குளிருக்கும் பழகிய புழுதான் கொல்ல மிகக் கடினமானது.

அலாஸ்காவுல −60-லயும் வண்டு இருக்காமே?

இருக்கிறது, இரண்டு விதமாக. ஊபிஸ் என்ற கறுப்பு வண்டு −8 டிகிரி அளவிலேயே உறைந்துவிடும். உறைந்தபடியே −60 வரை தாங்கி, பிறகு உருகி எழுந்து நடக்கும். பனி செல்லுக்கு வெளியே மட்டும் உருவாகும்படி பார்த்துக்கொள்வதுதான் அதன் வித்தை. குகூஜஸ் என்ற சிவப்புப் பட்டை வண்டின் புழு நேரெதிர், உறையவே உறையாது. இலையுதிர்காலத்தில் உடம்புத் தண்ணீரைப் பெருமளவு வெளியேற்றிக் காய்ந்துபோகும். உறையாமல் காக்கும் கிளிசரால் என்ற பொருளைச் சேர்த்துக்கொள்ளும். பனிப்படிகம் வளராமல் தடுக்கும் புரதங்களும் அதனிடம் உண்டு. கடைசியில் உடல் திரவம் பனியாகாமல் கண்ணாடி மாதிரி இறுகிவிடுகிறது. ஆய்வகத்தில் −100 டிகிரிக்குக் கொண்டுபோயும் சில புழுக்கள் பிழைத்ததாக 2010-ல் வெளியானது.

இதே புழுவைக் கோடையில் பிடித்து வைத்தால் இந்த வித்தை எதுவும் நடக்காது.

குளிர் கடுமையா இருந்தா அடுத்த வருஷம் வண்டுத் தொல்லை குறையுமா?

எப்போது கடுமையாக இருந்தது என்று கேட்க வேண்டும். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் 1990-களின் பிற்பகுதியிலிருந்து மலைப் பைன் வண்டு பெருகி 1.8 கோடி ஹெக்டேருக்கு மேல் காட்டைப் பாதித்தது. குளிர்காலம் மிதமாகிக்கொண்டே வந்தது அதற்கு ஒரு முக்கியக் காரணம். இந்த வண்டின் புழு மரப்பட்டைக்கடியில் குளிர்காலத்தைக் கழிக்கும். இலையுதிர்காலம் முழுக்க மெல்ல மெல்லக் கிளிசரால் சேர்க்கும். ஜனவரியில் அதைக் கொல்ல −40 டிகிரி நாள்கணக்கில் நீடிக்க வேண்டும். ஆனால் அக்டோபர், நவம்பரிலேயே, கிளிசரால் சேர்ந்து முடியாத நேரத்தில், திடீரென்று கடுங்குளிர் விழுந்தால் அவ்வளவு வேண்டியதில்லை. அதைவிட மிதமான குளிரே கூட்டம் கூட்டமாகக் கொன்றுவிடும். வசந்தத்தில், கிளிசராலைக் கரைத்துவிட்ட பிறகு விழும் குளிரும் அப்படித்தான்.

நடுக் குளிர்காலத்துல நாலு நாள் வெயில் அடிச்சா, பழகினது போயிடுமா?

போகும். 1998 ஆய்வில் பழகிய வண்டுகளை 30 டிகிரியில் வைத்ததும் ஆறு வாரப் பழக்கம் ஒரே வாரத்தில் காணாமல் போனது. வட அமெரிக்காவில் ஆஷ் மரங்களை அழித்துவரும் மரகத வண்டின் புழுக்களிடமும் நடுக் குளிர்காலத்து வெப்பம் குளிர் தாங்கும் திறனைக் குறைக்கிறது. பிறகு மறுபடி குளிர வைத்தாலும் இழந்தது திரும்பவில்லை.

அதற்காகக் குளிர்ந்த களஞ்சியத்தை வேண்டுமென்றே சூடாக்கிப் பார்க்க வேண்டாம். அந்த வெப்பத்தில் பூச்சி தின்னும், பெருகும். ஊட்டிக் கேள்வியில் சொன்ன மாதிரி சேதத்தையும் சரிசெய்துகொள்ளும்.

பழகின வண்டோட குஞ்சும் குளிர் தாங்குமா? நாளாக நாளாக ஃப்ரீசருக்கே பழகிடுமோ?

இங்கே பேசுகிற பழக்கம் அந்தந்த வண்டின் உடலில் நடப்பது, அதுவும் வாரக்கணக்கில் வந்து, சூட்டில் ஒரே வாரத்தில் போய்விடுவது. சூட்டில் வளர்ந்த அடுத்த தலைமுறை மறுபடி முதலிலிருந்து பழக வேண்டும். தலைமுறை தலைமுறையாகப் பலவீனமானவை செத்து, தாங்குபவை மட்டும் பெருகுவது வேறு விஷயம். அதற்கு ஒவ்வொரு முறையும் சில வண்டுகள் பிழைத்து முட்டையிட வேண்டும். −18-ல் ஒரு வாரம் ஒழுங்காக வைத்தால் அந்த வாய்ப்பே இருக்காது.

சில பேர் ரெண்டு தடவை ஃப்ரீசர்ல வைக்கச் சொல்றாங்க. நடுவுல வெளிய எடுத்தா தேறிடாதா? நீங்களே சொன்னீங்களே.

சொன்னேன். ஆனால் நாளுக்கு இரண்டு மணி நேரச் சூடு உதவியது, மெதுவாகச் சேதம் செய்யும் மிதமான குளிரில். −18-ல் சேதம் வேகமாக நடக்கும். பல வண்டுகள் உறைந்தும் விடும். அதிலிருந்து தேற இடைவேளை உதவாது.

இரண்டு தடவை வைப்பதன் கணக்கு இது. முதல் தடவை நடுப்பகுதியில் சரியாகக் குளிராமல் ஏதாவது தப்பியிருந்தால், வெளியே சூட்டில் இருக்கும் நாட்களில் அது பெற்ற பழக்கத்தை இழக்கும். தப்பிய முட்டை பொரிந்து புழுவாகும். அப்போது இரண்டாம் முறை நேராக ஃப்ரீசருக்குப் போனால் தாங்க முடியாது. அதனால் நடுவில் வைப்பது அறைச் சூட்டில் இருக்க வேண்டும். பிரிட்ஜில் வைத்தால் வந்த வேலை கெட்டுவிடும். வீட்டு அரிசிக்கு, சிறு பொட்டலமாகப் பிரித்து வைத்திருந்தால், ஒரு தடவையே போதும். பழைய புத்தகம், மரச்சாமான் என்று தடித்த பொருளாக இருந்தால் இரண்டு தடவை வையுங்கள்.